யார் பக்கத்தில் உட்கார்ந்தோம்

'அடையாள நெருக்கடி' என்று இன்று எல்லோரும் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். அதை உளவியலுக்குள் கொண்டுவந்த எரிக் எரிக்சன் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பட்டம் வாங்காதவர். 1902இல் ஜெர்மனியில் பிறந்தார். பெற்ற தந்தை யாரென்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. தாய் டென்மார்க்கைச் சேர்ந்த யூதப் பெண். வளர்த்தவர் ஒரு குழந்தை மருத்துவர், அவரும் யூதர். பையனோ பொன்னிற முடியும் நீலக் கண்களுமாக வளர்ந்தான். யூத வழிபாட்டு இடத்துக்குப் போனால் 'இவன் நம்ம ஆள் மாதிரியே இல்லையே' என்று கேலி. பள்ளிக்கூடத்துக்குப் போனால் 'இவன் யூதன்' என்று கேலி. பள்ளிப் படிப்பு முடிந்ததும் பல்கலைக்கழகப் பக்கம் போகாமல், ஓவியம் கற்றுக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தார். பிறகு வியன்னாவில் உளப்பகுப்பாய்வு பயின்று அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். 1939இல் அங்கே குடியுரிமை பெற்றபோது, வளர்த்தவரின் ஹோம்பர்கர் என்ற பெயரை நடுவில் தள்ளிவிட்டு, எரிக்சன் என்று புதிதாக ஒரு குடும்பப் பெயரை வைத்துக்கொண்டார். எரிக்கின் மகன் எரிக்சன். தனக்குத் தானே தகப்பன்.

ஒவ்வொரு கல்வியாண்டின் முதல் வாரத்திலும் எனக்கு இவர் ஞாபகம் வரும். நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். புதிதாகச் சேர்ந்தவர்கள் வகுப்புக்குள் நுழைகிற விதத்திலேயே தெரிந்துவிடும்: நேற்றுவரை நமக்கு இருந்த பேரும் மதிப்பும் இங்கே செல்லுபடியாகுமா? நாங்களோ ஒவ்வொருவராக எழுந்து நிற்கச் சொல்லி, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்கிறோம். பெயர், படித்த பள்ளி, பிடித்த விஷயம், எதிர்கால லட்சியம். நாலைந்து பேர் பேசி முடித்த பிறகு யாரும் புதிதாக எதுவும் சொல்வதில்லை. முன்னால் பேசியவர் சொன்னதையே கொஞ்சம் திருப்பிப் போட்டுச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அதில் தப்பே இல்லை. இன்னும் பதில் தெரியாத கேள்வியைக் கேட்டால் பக்கத்துத் தாளைப் பார்த்துத்தான் எழுதுவார்கள்.

இளம் வயதுக்கு ஒரு சலுகைக் காலம் உண்டு என்பது எரிக்சன் சொன்னது. பெரியவர்களுக்குரிய பொறுப்புகள் முழுசாகத் தலையில் விழுவதற்கு முன்னால், பல வேடங்களைப் போட்டுப் பார்க்கவும் பிடிக்காவிட்டால் கழற்றி வைக்கவும் சமூகம் கொடுக்கிற அவகாசம். அவர் ஓவியம் வரைந்துகொண்டு திரிந்த வருடங்கள் அவருக்கு அப்படி அமைந்தன. கல்லூரி இருப்பதே இந்த அவகாசத்துக்காகத்தான் என்பது என் கட்சி. பட்டம், வேலை எல்லாம் இருக்கட்டும். ஆனால் நடப்பது வேறு. சேர்ந்த அன்றைக்கே நீ யார் என்று கேட்டுவிடுகிறோம். அவர்களும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிறார்கள். அப்புறம் சொன்ன வாக்கைக் காப்பாற்றுவது போலப் படிப்பு முடிகிறவரை அப்படியே நடந்துகொள்கிறார்கள். முதல் நாளில் ஒரு ஜோக் அடித்துச் சிரிப்பு வாங்கிய பையன் கடைசிப் பரீட்சைவரைக்கும் ஜோக் அடித்தே ஆகவேண்டியிருக்கிறது. அவனுக்கு என்றைக்காவது மனசு சரியில்லை என்றால் யாரும் நம்புவதில்லை.

பள்ளிக்கூடத்தில் நான் பேச்சுப் போட்டிக்காரி. எந்த விழா என்றாலும் "அவளைக் கூப்பிடுங்க" என்பார்கள். அந்த 'அவள்' நான்தான். வேறு எதிலும் பெரிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் அது இருந்தது, அது போதுமாகவும் இருந்தது. கல்லூரியில் பேச்சு மன்றத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். வராந்தா முழுக்க 'அவள்'கள் நின்றிருந்தார்கள். ஒவ்வொரு பள்ளிக்கூடமும் தன்னுடைய 'அவளை' அனுப்பிவைத்திருந்தது. எனக்கு முன்னால் பேசியவள் கையில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லாமல், சபையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பேசினாள். நான் வழக்கம்போலப் பேசினேன், நன்றாகவே பேசினேன் என்றுகூடச் சொல்வேன். எடுக்கவில்லை. விடுதிக்குத் திரும்பும்போது தோற்ற வருத்தம் அதிகம் இல்லை. அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று: பேச்சு இல்லாவிட்டால் நான் என்ன? சாயங்காலங்களில் நான் எங்கே இருக்கவேண்டும்?

இதற்குக் கல்வி உளவியலில் பெயர் இருக்கிறது என்று பின்னால்தான் தெரிந்தது. ஹெர்பர்ட் மார்ஷ் என்ற ஆய்வாளர் 1980களில் 'சிறு குளத்துப் பெரிய மீன்' விளைவு என்று எழுதினார். ஒரே அளவு திறமையுள்ள இருவரில், கெட்டிக்காரர்கள் குவிந்திருக்கும் இடத்தில் சேர்ந்தவர் தன்னைக் குறைத்து மதிப்பிட ஆரம்பிக்கிறார். சாதாரண இடத்தில் சேர்ந்தவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. திறமை அப்படியேதான் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைக்கிற ஆட்கள்தான் மாறிவிட்டார்கள். முதல் வருடத்தில் 'நான் முட்டாள் ஆகிவிட்டேன் மேடம்' என்று என்னிடம் வந்து அழுகிறவர்களில் பலருக்கு நடந்திருப்பது இதுதான். விளக்கிச் சொன்னால் தலையாட்டுவார்கள். அழுகை உடனே நிற்காது.

எனக்கு வழி திறந்துவிட்டது ஒரு நாற்காலி. முதல் வகுப்பில் தாமதமாகப் போய், காலியாக இருந்த ஒரே இடத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவள் நாடகக் குழுவில் சேர்ந்திருந்தாள், நடிக்க அல்ல, விளக்கு வேலைக்கு. ஒரு நாள் வகுப்பு முடிந்ததும், "சாயங்காலம் சும்மாதானே இருக்கே? வா, ஏணி பிடிக்க ஆள் வேணும்" என்றாள். போய் ஏணியைப் பிடித்தேன். ஏணி பிடித்தவள் ஒயர் சுற்றினாள், ஒயர் சுற்றியவள் எந்த விளக்கை எந்தக் கோணத்தில் வைத்தால் முகத்தில் நிழல் விழாது என்று கற்றுக்கொண்டாள். வருடக் கடைசியில் ஒரு முழு நாடகத்துக்கு நானே ஒளி அமைத்தேன். மேடைக்கு முன்னால் நிற்பதுதான் எனக்குப் பிடித்தது என்று அத்தனை காலமாக நினைத்திருந்தேன். எனக்குப் பிடித்தது மேடைதான், முன்னால் நிற்பது அல்ல என்பது அந்த ஏணியைப் பிடிக்காமல் எனக்குத் தெரிந்திருக்கவே முடியாது. அறைக்குள் உட்கார்ந்து எத்தனை யோசித்தாலும் கிடைத்திருக்காது.

நாற்காலி விஷயம் என் கதை மட்டுமல்ல. ஜெர்மனியில் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் மிட்யா பாக் என்பவரும் சக ஆய்வாளர்களும் உளவியல் படிப்பில் புதிதாகச் சேர்ந்த 54 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். முதல் அறிமுகக் கூட்டத்தில் யார் எங்கே உட்காரவேண்டும் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். ஒரு வருடம் கழித்து யார் யாருக்கு நண்பர் என்று கேட்டபோது, அன்றைக்கு அடுத்தடுத்த இருக்கையில் உட்கார்ந்தவர்களுக்கு இடையில் நட்பு மற்றவர்களைவிட நெருக்கமாக இருந்தது. ஒரே வரிசையில் இருந்தவர்களுக்குக்கூடக் கொஞ்சம் பலன் இருந்தது. ஆய்வு 2008இல் வெளியானது. படித்தபோது எனக்குச் சந்தோஷமும் வந்தது, வயிற்றைக் கலக்கவும் செய்தது. அந்த நாற்காலியில் வேறொருத்தி இருந்திருந்தால்? ஒருவேளை இன்றைக்கு இந்தப் பக்கத்தில் சதுரங்கத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பேன்.

இப்படித் தற்செயலாகச் சேர்கிற கூட்டம் நம்மை எவ்வளவு தூரம் இழுத்துப் போகும்? வெகுதூரம். அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் 1932இல் பென்னிங்டன் என்ற பெண்கள் கல்லூரி தொடங்கப்பட்டது. வசதியான, பழமைவாதக் குடும்பத்துப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். பேராசிரியர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள், மாற்றத்தை விரும்பியவர்கள். அங்கே பாடம் நடத்திய தியோடர் நியூகம்ப் 1935 முதல் 1939 வரை மாணவிகளின் அரசியல் கருத்துகளைத் தொடர்ந்து கவனித்தார். 1936 அதிபர் தேர்தலில் முதலாண்டு மாணவிகளில் 62 சதவீதம் பழமைவாதிகளின் ஆதரவு பெற்ற குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் பக்கம். மூத்த வகுப்புகளில் அது சுமார் 15 சதவீதம்தான். கால் நூற்றாண்டு கழித்து அதே பெண்களைத் தேடிப் போய்ப் பார்த்தபோது, பெரும்பாலோர் கல்லூரியில் ஏற்படுத்திக்கொண்ட கருத்துகளோடுதான் இருந்தார்கள். கல்யாணம் செய்துகொண்ட ஆளும் பழகிய நண்பர்களும் அந்தக் கருத்துகளுக்குத் தோதாக அமைந்திருந்தார்கள்.

இந்த ஆய்வை மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்வார்கள், 'கல்லூரி பிள்ளைகளை மாற்றிவிடும், ஜாக்கிரதை' என்று. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த பகுதி. எல்லாப் பெண்களும் மாறவில்லை. கல்லூரியைத் தன் கூட்டமாக எடுத்துக்கொண்டவர்கள் மாறினார்கள். அங்கேயே இருந்து, அங்கேயே சாப்பிட்டு, மனசளவில் வீட்டைத் தன் கூட்டமாக வைத்துக்கொண்டவர்கள் அவ்வளவாக மாறவில்லை. யாருடைய கண்ணுக்கு நாம் நன்றாகத் தெரியவேண்டும் என்று விரும்புகிறோமோ, அவர்கள் பக்கம்தான் சாய்கிறோம். ஆகவே புதிதாகச் சேர்கிறவர்களிடம் நான் கேட்க விரும்புகிற கேள்வி நீ யார் என்பதல்ல. யார் பாராட்டினால் உனக்கு ராத்திரி தூக்கம் நன்றாக வருகிறது? இதற்கு யாருக்கும் பதில் தெரியும். பதில் பிடிக்காமல் போகலாம், அது வேறு.

கூட்டத்தைப் பற்றி நாம் போடுகிற கணக்கே தப்பாக இருந்துவிட்டால் என்ன ஆகும்? டெபோரா பிரென்டிஸும் டேல் மில்லரும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்து 1993இல் எழுதினார்கள். அங்கே மாணவர்களிடையே குடிப்பழக்கம் அதிகம். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டபோது, 'எனக்கு இது அவ்வளவு உடன்பாடில்லை, மற்ற மாணவர்களுக்குத்தான் இது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை' என்கிற தோரணையில் பதில் வந்தது. மற்ற மாணவர்களும் அதையேதான் சொன்னார்கள். எல்லோரும் மனசுக்குள் தயங்கிக்கொண்டு, தயங்குவது தான் மட்டும்தான் என்று நினைத்து, கையில் கிளாஸோடு நின்றிருக்கிறார்கள். அதற்கு மேல் ஒன்று: நாள் போகப்போக, ஆண் மாணவர்களின் சொந்தக் கருத்து, இல்லாத அந்தப் பெரும்பான்மையின் பக்கம் நகர்ந்திருந்தது. யாருமே முழுமனதாக நம்பாத ஒன்றுக்கு எல்லோரும் மெல்ல மெல்ல ஆளாகிவிடுகிறார்கள். குடியை விடுங்கள். ராத்திரி முழுக்க விழித்திருப்பது, படிக்காத மாதிரி காட்டிக்கொள்வது, ஆசிரியரைக் கிண்டல் செய்வது, யாரோ ஒரு பையனைக் குறிவைத்துக் கூட்டமாகச் சிரிப்பது எல்லாவற்றிலும் இந்தக் கணக்குப் பிழையை என் வகுப்பிலேயே பார்க்கிறேன். ஒருவர் வாய் திறந்து "எனக்கு இது பிடிக்கலை" என்று சொல்லிவிட்டால் பலருக்கு மூச்சு வருகிறது. அந்த முதல் ஆளாக இருப்பது கஷ்டம் என்பதையும் மறுக்கவில்லை.

முதல் விடுமுறைக்கு வீட்டுக்குப் போவது தனி நாடகம். போகும்வரைக்கும் நாம் மாறியிருக்கிறோம் என்றே தெரியாது. வீட்டுக்குள் நுழைந்த அரை மணியில் அம்மா கண்டுபிடித்துவிடுவார். "என்னடி இது, புதுசா இழுத்து இழுத்துப் பேசறே?" எனக்கு அப்போதுதான் உறைத்தது, என் அறைத்தோழியின் பேச்சு என் நாக்கில் ஏறியிருந்தது. வெட்கமாக இருந்தது. உடனே பழையபடி பேச முயன்றேன், அது அதைவிடச் செயற்கையாக இருந்தது. தம்பி ஒரு வாரம் என்னைப் பார்த்து நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சாப்பிடும்போது நான் ஏதோ அபிப்பிராயம் சொல்லப்போக, "காலேஜ்ல அப்படிச் சொல்லிக்கொடுக்கறாங்களோ?" என்றார். அந்த அபிப்பிராயம் சொந்தமாக யோசித்து வந்ததா, பக்கத்து அறைக்காரி சொன்னதா என்று எனக்கே அப்போது நிச்சயமில்லை. அப்பாவின் கேள்வி குத்தியது அதனால்தான்.

பள்ளித் தோழி ஒருத்தி வந்து, "நீ ரொம்ப மாறிட்டேடி" என்றாள். குற்றச்சாட்டாகத்தான் சொன்னாள். அவள் வேறு கல்லூரியில் சேர்ந்திருந்தாள். அவளும் முடியை வெட்டியிருந்தாள், கையெழுத்தை மாற்றியிருந்தாள், எனக்குப் புரியாத பெயர்களைச் சொல்லிச் சிரித்தாள். ஆனால் தன் மாற்றம் மாற்றமாகத் தெரிவதில்லை, அடுத்தவருடையதுதான் தெரிகிறது. பழைய நண்பர்களுக்கு நாம் ஒரு ஞாபகத்தின் காவலர். நாம் மாறினால் அவர்களுடைய பழைய நாட்களில் ஏதோ ஒன்று காணாமல் போகிறது. கோபம் வருவது நியாயம்தான். அந்தத் தோழியோடு எனக்கு இன்றும் பேச்சு இருக்கிறது. நடுவில் சில வருடங்கள் இருக்கவில்லை, இருவருமே அதைப் பற்றி விசாரித்துக்கொண்டதில்லை.

மாறுவது துரோகம், மாறாமல் இருப்பது பத்தாம்பசலித்தனம் என்று இரண்டு பக்கமும் அடி வாங்குகிற வயது அது. இந்த இடத்தில் ஜேம்ஸ் மார்சியாவின் வேலை எனக்கு உதவியாக இருந்தது. எரிக்சனின் கருத்தைச் சோதித்துப் பார்க்க அவர் 86 கல்லூரி மாணவர்களைப் பேட்டி கண்டு 1966இல் எழுதினார். தொழில், மதம், அரசியல் ஆகியவற்றில் ஒவ்வொருவரும் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், பிடிப்பதற்கு முன் தேடிப் பார்த்தாரா என்பதே அவருடைய கேள்வி. தேடிப் பார்த்துப் பிடித்தவர்கள் உண்டு. தேடலின் நடுவில் தவித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. தேடலும் இல்லை, பிடிப்பும் இல்லை என்று மிதக்கிறவர்கள் உண்டு. நான்காவது வகை: தேடவே இல்லை, ஆனால் உறுதியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொண்டவர்கள்.

முதல் நாளில் எழுந்து நின்று கணீரென்று லட்சியத்தைச் சொல்கிற மாணவர்களைப் பார்த்தால் ஆசிரியர்களுக்கெல்லாம் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். ஆனால் அவர்களில் சிலர் அந்த நான்காவது வகை. இரண்டாம் வருடத்தில் ஏதோ ஒரு பாடத்தில் சறுக்கும்போது அவர்களுக்குப் போக வேறு இடமே இருப்பதில்லை, ஏனென்றால் வேறு எந்தக் கதவையும் தட்டிப் பார்த்ததில்லை. முதல் நாளில் "இன்னும் தெரியலை மேடம்" என்று முனகிவிட்டு உட்கார்ந்த பெண்ணைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. வீட்டில் கொடுத்ததை வைத்திருப்பது தப்பு என்று சொல்ல வரவில்லை. தேடிப் பார்த்துவிட்டு, வீட்டில் கொடுத்ததே சரி என்று திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்க இருவரும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள்.

பொறுமையாக இரு என்று சொல்வதில் பிரயோஜனம் உண்டா? வெறுமனே சொன்னால் இல்லை. ஆனால் யார் சொல்கிறார்கள் என்பதில் இருக்கிறது. கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், முதலாண்டு மாணவர்களை உட்காரவைத்து, மூத்த மாணவர்களின் அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் எங்களுக்கும் இங்கே பொருந்தவில்லை என்றுதான் தோன்றியது, எல்லாப் பின்னணியைச் சேர்ந்தவர்களுக்கும் அப்படித்தான், நாளாக நாளாகச் சரியானது என்பது அவற்றின் சாரம். படித்தவர்கள் தங்கள் சொந்த அனுபவத்தை எழுதி, அடுத்து வரப்போகிறவர்களுக்காக கேமரா முன் பேசினார்கள். மொத்தம் ஒரு மணி நேர வேலை. அடுத்த மூன்று வருடங்களில், இதில் பங்கெடுத்த கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்து, வெள்ளை மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. இங்கே பொருந்துவேனா என்ற சந்தேகம் யாரை அதிகம் அரிக்கிறதோ, அவர்களுக்குத்தான் பலனும் அதிகம். 'எல்லோருக்கும் இப்படித்தான்' என்று தெரிந்ததும், ஒரு கெட்ட நாள் வெறும் கெட்ட நாளாகிவிடுகிறது, தீர்ப்பாக இருப்பதில்லை.

நட்பைப் பற்றியும் ஒரு கணக்கு இருக்கிறது. அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து பொழுதைக் கழிக்கவேண்டும் என்கிறார் ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளர். முதல் வாரத்திலேயே உயிர்த்தோழி கிடைக்கவில்லை என்று கலங்குகிறவர்களுக்கு இதைச் சொல்வேன். அந்த நேரத்தையெல்லாம் பழைய பள்ளி வாட்ஸ்அப் குழுவில் செலவழிக்கிறவர்களுக்கும் சொல்வேன், அவர்கள் ரசிப்பதில்லை.

நான் என் வகுப்பில் செய்வது இரண்டே காரியங்கள். போன வருடம் சேர்ந்தவர்களிடம், முதல் மாதம் எப்படி இருந்தது என்று ஒரு பக்கம் எழுதி வாங்கிக்கொள்கிறேன், அறிவுரை கூடாது என்ற நிபந்தனையோடு. அதைப் புதியவர்களுக்குப் படிக்கக் கொடுக்கிறேன். இரண்டாவது, முதல் பருவம் முழுக்க வாரம் ஒரு முறை இருக்கைகளை மாற்றுகிறேன். சீட்டு எடுத்துத்தான் உட்காரவேண்டும். இதற்கு எதிர்ப்பு பலமாக இருக்கிறது. "இப்பதான் மேடம் செட் ஆச்சு" என்கிறார்கள் இரண்டாவது வாரத்திலேயே. செட் ஆனவர்களைக் கலைப்பதில் எனக்கு ஒன்றும் ஆனந்தம் இல்லை. போன வருடத்துத் தாள்களில் ஒன்றில் ஒரு மாணவர் என்னைத் திட்டி எழுதியிருந்தார், சீட்டு முறை சிறுபிள்ளைத்தனம், கல்லூரி மாணவர்களை இப்படி நடத்தக் கூடாது என்று. அதே தாளின் பின்பக்கத்தில், தன்னோடு இப்போது அறை எடுத்துத் தங்கியிருக்கும் மூன்று பேரையும் எந்தெந்த வார இருக்கையில் சந்தித்தார் என்று எழுதியிருந்தார். இரண்டு பக்கத்தையும் சேர்த்தே இந்த வருடம் புதியவர்களுக்குக் கொடுக்கப்போகிறேன்.